இடம் மாறிய தூசு

மகன்,

முதலில் ஸலாம். பதில் ஸலாத்தை இப்போதே சொல்லிவிடாதே. கடைசிவரை படித்துவிட்டு, மனம் வந்தால் சொல். இதைப் போனில் குரலாகப் பேசி அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் அழித்துவிட்டேன். அதனால் தங்கச்சியின் கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று நீ எப்போதும் சிரிப்பாய். பொறுத்துக்கொள். உன் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது. இப்படியான நேரத்தில் பெற்றவன் பிள்ளைக்கு நாலு புத்திமதி எழுதுவான். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்றே இப்போது தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து, ஸ்டூடியோவில் உட்கார்ந்து பழைய படங்களைப் பார்த்தேன். அதில் ஒன்றைக் கண்டேன். அன்று தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன வருத்தம் என்று உம்மா கேட்கிறா. வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்கு வரப்போகிறவளும் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். அதனால் தொழில் சங்கதியைக் கொஞ்சம் அவளுக்கும் விளங்க எழுதுகிறேன். கெமராவுக்குள்ளே, லென்ஸுக்குப் பின்னால், சென்சர் என்று சின்னதாக ஒரு தகடு இருக்கிறது, மகள். படம் விழுவது அதில்தான். லென்ஸைக் கழற்றி மாற்றும்போது தூசு உள்ளே போய் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு, எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி விழும். கூட்டத்திலும் பூச்சேலையிலும் அது தெரியாது. வெறும் வானத்தில் அம்மைத் தழும்பு மாதிரிப் பளிச்சென்று தெரியும். நம்முடைய கரையில் சோளகக் காற்று மாதக்கணக்கில் மணலை அள்ளி வீசும். இங்கே கெமரா வைத்திருப்பவன் பாதி நாள் படம் எடுப்பான், பாதி நாள் தூசு துடைப்பான். துடைப்பதற்குக் கொம்பியூட்டரில் ஒரு வழி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் படம் முழுவதும் கறுப்பாகிவிடும். வானமும் கடலும் மறைந்துபோய், புள்ளியும் கீறலும் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதன் மேல் பிரஷ்ஷை வைத்தால், பக்கத்து வானத்தில் ஒரு துண்டை எடுத்து அது மூடிவிடும். தூசு இடம் மாறாது என்பதால் ஒரு படத்தில் துடைத்ததை மற்ற நூறு படத்துக்கும் ஒரே தட்டில் கொடுத்துவிடலாம். என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு அது பெரிய வசதி.

அந்த வசதி என்னை ஒரு தடவை நன்றாக மாட்டிவிட்டது, ஞாபகமா? முன்னேஸ்வரத்தில் ஒரு கலியாணம் எடுத்தோம். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். பெண்ணின் கன்னத்தில் கடுகளவு மச்சம். சென்சரில் இருந்த தூசும் அதே அளவு. நான் கிட்ட வைத்து எடுத்த படங்களில் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் துடைத்து, அல்பத்தையும் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பெண்ணின் தாய் இரண்டு பக்கம் புரட்டினா. பிறகு அல்பத்தை மூடி என் மடியில் வைத்து, "என்ட புள்ளைட மச்சத்த எங்க போட்டீங்க?" என்று கேட்டா. உண்மையாகவே நான் அதை எங்கோ எடுத்துப் பதுக்கி வைத்த மாதிரி இருந்தது கேள்வி. திரும்பி வரும் பஸ்ஸில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னாய். "வாப்பா, தூசெண்டா எல்லாப் படத்திலயும் ஒரே இடத்தில நிக்கும். மச்சமெண்டா அந்தக் கலியாணப் பொண்ணு ராத்தாவோட சேந்து நடக்கும். இடம் மாறுதா எண்டு பாத்துட்டுத் துடைங்கோ." இத்தனை வருஷமாக ஸ்டூடியோவுக்கு வேலை பழக வந்தவர்களுக்கெல்லாம் இந்த விதியை நான் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறேன், நானே கண்டுபிடித்த மாதிரி. சொன்னவன் நீ என்பதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

இனி அந்த நோன்பு. யுத்தம் முடிந்து, வெளிநாட்டுக்காரர் பட்டம் பிடித்துக் கடலில் ஓடி விளையாட நம் கரைக்கு வரத் தொடங்கிய காலம். பள்ளிவாசல்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஹோட்டலில், சுவரில் மாட்டுவதற்கு அந்தி வானத்தின் படங்கள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரே இடத்தில் கெமராவை நிறுத்தி, நிமிஷத்துக்கு ஒரு படம், நன்றாக இருட்டும்வரை. உனக்குப் பத்தொன்பது வயது. ஏ. எல். சோதனை முடித்துவிட்டு என்னோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தாய். நோன்பு இருபத்தொன்பது. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். ஆனால் தெரியாது, நோன்பு முப்பது பூர்த்தியாகும் என்று கலண்டர் பார்க்கிறவர்கள் முன்னமே சொல்லிவிட்டிருந்தார்கள். பின்னேரம் நான் மணலில் நின்றபடியே லென்ஸ் மாற்றினேன். "காத்தடிக்குது வாப்பா, உள்ளுக்குப் போய் மாத்துவோம்" என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. கெடுகுடி சொற்கேளாது என்பார்கள், அது நான்தான். ஈச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறந்தோம். காற்று ஸ்டாண்டோடு கெமராவைத் தள்ளிவிடும் என்று பயந்து, ஒருத்தர் பிடித்துக்கொள்ள மற்றவர் தொழுவது என்று முடிவு செய்தோம். முதலில் நான் தக்பீர் கட்டினேன்.

நான் இரண்டாம் ரக்அத்தில் நிற்கும்போது நீ கத்தினாய். "வாப்பா! பிறை! வாப்பா, பிறை!" தொழுகையில் நிற்கிறவனைக் கூப்பிடக் கூடாது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டாய் என்றால் உன்னால் அடக்க முடியவில்லை. ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மேற்கில் மேகம்தான் நின்றது. "எங்க?" என்றேன். "இப்ப மூடிட்டு வாப்பா. அந்தா, கொடிக்கம்பத்துக்கும் அந்தத் தனித் தென்னைக்கும் நடுவுல நிண்டது. மல்லாந்து, தோணி மாதிரி. ரெண்டு மூணு நிமிசம் நிண்டது." உன் கண் இரண்டும் அப்படி மினுங்கியது. நான் சிரித்துவிட்டு, "நோன்புக் கண்ணுக்கு மேகத்துட விளிம்பெல்லாம் பிறைதான். போய்த் தொழு" என்றேன். நீ தொழுதாய். தொழுதுவிட்டு, ஊருக்குப் போகிறேன், பள்ளிவாசலில் சொல்ல வேண்டும் என்று ஒரு ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். சின்ன வயதுத் துடிப்பு என்று விட்டுவிட்டேன்.

ஹோட்டலில் படங்களை அன்றைக்கே வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். மெனேஜர் என் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு நேரம் பார்த்தபடி இருந்தான். கார்டைப் போட்டு லெப்டொப்பைத் திறந்தேன். மணலில் நின்று லென்ஸ் மாற்றியதன் பலன் தெரிந்தது. வானத்தில் ஐந்து புள்ளிகள். கறுப்புத் திரையைப் போட்டு ஐந்தையும் துடைத்து, எல்லாப் படத்துக்கும் ஒரே தட்டில் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போனேன், கறுப்புத் திரையை எடுக்காமலே. ஒன்றில் மெல்லிய வளைந்த கீறல் ஒன்று வெள்ளையாக நின்றது. தலைமயிர்த் துண்டு என்று நினைத்துத் துடைத்தேன். அடுத்த படத்தில் அது கொஞ்சம் கீழே நின்றது. "சனியன், மயிர் நகருது" என்று முணுமுணுத்துக்கொண்டு அங்கேயும் துடைத்தேன். மூன்றாவதில் இன்னும் கீழே. அதையும் துடைத்தேன். நான்காவதில் இல்லை. விழுந்து தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று தடவை, மகன். இடம் மாறுவது தூசு இல்லை என்ற விதியை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தவன், அது இடம் மாறுவதைக் கண்ணால் பார்த்தபடியே மூன்று தடவை துடைத்தேன்.

இரவு இஷாத் தொழுகைக்கு ஊர்ப் பள்ளிக்கு வந்தபோது வாசலில் கூட்டம். நீ நடுவில் நின்றாய். பள்ளியை நடத்துகிற மரைக்கார் என்னைக் கண்டதும் கூப்பிட்டார். "உங்கட மகன் பிறை கண்டதெண்டு சொல்றார். இந்தக் கரையில வேற ஒருத்தரும் காணல்ல. பிறை முடிவு சொல்ற ஆக்கள் கொழும்பில இருந்து விசாரிக்காங்க. நீங்களும் அவரோடதானே நிண்டீங்க, என்ன சொல்றீங்க?" பின்னாலிருந்து யாரோ, "அகதிப் பொடியனுக்கு எங்களுக்குப் பிறை காட்ட அவசரமாக்கும்" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று உனக்குத் தெரியாது. தொண்ணூறில் எங்கள் ஆட்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த சாரனோடு வந்தவன் நான். இந்த ஊர் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியது, கூரைக்குக் கிடுகு தந்தது, காணி தந்தது. அதை ஒருநாளும் மறக்க மாட்டேன். ஆனாலும் பள்ளியில் முதல் ஸஃப்பில், முன் வரிசையில், போய் நிற்க எனக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது. யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான் பின்னால் நின்றேன். அப்படிச் சம்பாதித்த இடம் உன் வாயால் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில் உன்னைப் பார்க்காமலே சொன்னேன், "நான் என்னத்தச் சொல்றது? கெமரா பொய் சொல்லாது. அதயே பாருங்கோ."

துடைத்து முடித்த படங்களைத்தான் திறந்து காட்டினேன். மரைக்கார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினேன். வானம் பளிங்கு மாதிரிச் சுத்தமாக இருந்தது. நீ ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து திரையில் விரலை வைத்தாய். "இஞ்சதான் வாப்பா நிண்டது. இந்த இடத்திலதான்." விரல் பட்ட இடத்தில் ஒன்றுமில்லை. "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிச்சதுதான் மெய்" என்றார் மரைக்கார். சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்து, "சொந்தப் புள்ளையெண்டும் பாக்காம உண்மையச் சொன்னீங்க" என்றார். அந்த நேரம் ஹோட்டலில் துடைத்த கீறல் ஞாபகம் வரவில்லையா என்று நீ கேட்பாய். ஏதோ ஒன்று உறுத்தியது, மகன். மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு நொடி உறுத்தியது. தோளில் இருந்த கையின் சூட்டில் அது போய்விட்டது. நீ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் சட்டைக் கையால் திரையில் இருந்த உன் விரல் அடையாளத்தைத் துடைத்துவிட்டு லெப்டொப்பை மூடினேன்.

மறுநாள் ஊரே முப்பதாம் நோன்பு பிடித்தது. பகல் லுஹர் தொழப் போக வெளிக்கிட்டவன், தொப்பியை மறந்து வீட்டுக்குள் திரும்பி வந்தேன். குசினிக்குப் பின்னால், தண்ணீர்ப் பீப்பாவுக்கு மறைவில், நீ கோப்பையை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. அறைந்தேன். கோப்பை சீமெந்தில் விழுந்து உருண்டது. உம்மா ஓடி வந்தா, தங்கச்சி வாசல் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ அழவில்லை. "நான் கண்டனான் வாப்பா. கண்டவனுக்கு இண்டைக்குப் பெருநாள். நோன்பு பிடிக்கக் கூடாது" என்றாய். நான் இரண்டாவது தடவையும் அறைந்தேன். முதலாவது அறை ஆத்திரம். இரண்டாவது, நீ சொன்னது உண்மையாக இருந்தால் நான் என்னாவது என்ற பயம். இதை இப்போதுதான் எனக்கே ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நாள் ஊரெல்லாம் பெருநாள். நீ புது உடுப்பு உடுத்தவில்லை. அதன் பிறகு சந்தியில் உனக்குப் 'பிறை' என்று பட்டம் வைத்தார்கள். நீ ஸ்டூடியோப் பக்கம் வருவதை விட்டாய். வருஷம் திரும்புவதற்குள் டோஹாவுக்குப் போய்விட்டாய். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பாய். "வாப்பா சுகமா?" "சுகம்." "உம்மாட்டக் குடுங்கோ." இத்தனை வருஷமும் நம்முடைய கதை இவ்வளவுதான்.

போன மாதம், நிக்காஹுக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க மாமாவையும் உன் கூட்டாளியையும் போட்டிருக்கிறாய் என்று உம்மா மெதுவாகச் சொன்னா. நான் வீட்டைத் தலைகீழாக்கினேன். "பெத்த வாப்பா உசிரோட இருக்கக்குள்ள, சாட்சிக்கு வேற ஆளா? பிடிவாதம் பிடிச்சவன்" என்று கத்தினேன். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா, அன்று நீ பார்த்த மாதிரியே. பிறகு, வீட்டில் மாட்டுவதற்கு உன்னுடைய பழைய படம் ஒன்று தேடி எடுத்துத் தரச் சொன்னா. அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை பழைய டிஸ்க்கைக் கொழுவினேன்.

ஹோட்டல் படங்களுக்கு முதல், வெளிச்சம் பார்க்க உன்னைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தேன். தலையில் லேஞ்சித் துண்டைக் கட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாய். உம்மாவுக்கு இதையே கொடுப்போம் என்று திறந்தேன். தலைக்கு மேலே வானத்தில் ஐந்து புள்ளிகள். என்னடா இது, இதெல்லாம் துடைத்ததாயிற்றே என்று யோசித்தேன். பிறகுதான் விளங்கியது. பழைய கொம்பியூட்டர் போன மாரியில் கூரை ஒழுகிப் பழுதாகிப் போனது. எங்கே எங்கே துடைத்தேன் என்ற குறிப்பெல்லாம் அதற்குள்தான் இருந்தது. டிஸ்க்கில் இருப்பவை கெமராவிலிருந்து வந்தபடியே கிடக்கிற படங்கள். அவற்றில் யாரும் கை வைக்க முடியாது, நானும்தான். சரி என்று பழக்க தோஷத்தில் கறுப்புத் திரையைப் போட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, பக்கத்துப் படங்களையும் தள்ளினேன். ஐந்து புள்ளியும் ஆணி அடித்த மாதிரி இருந்த இடத்திலேயே நின்றன. ஒரு படத்தில் ஆறாவது வந்தது, வளைந்த கீறல். அடுத்ததில் கீழே இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் கீழே. பிறகு இல்லை. பின்னுக்குத் தள்ளினேன், மேலே ஏறியது. முன்னுக்குத் தள்ளினேன், இறங்கியது. ஐந்தும் அசையவில்லை. அது மட்டும் இறங்கிக்கொண்டே போனது. பஸ்ஸில் நீ சிரித்துக்கொண்டு சொன்ன சொல் அப்படியே காதுக்குள் கேட்டது.

கறுப்புத் திரையை எடுத்தேன். வானம் வந்தது, கடல் வந்தது, கொடிக்கம்பம் வந்தது, தனித் தென்னை வந்தது. இரண்டுக்கும் நடுவே, இரண்டு மேகத்துக்கு இடையில், மல்லாந்து கிடந்தது பிறை. நகத்துண்டு அளவுதான். கீறல் மாதிரி இல்லை, மயிர் மாதிரி இல்லை. பிறை. சின்னப் பிள்ளைக்குக் காட்டினாலும் பிறை என்றுதான் சொல்லும்.   எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது, மகன். ஒரு தாய் பிள்ளையின் பாஸ்போர்ட் படத்துக்காக வந்து, என் முகத்தைப் பார்த்துப் பயந்து, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டா. சுபஹானல்லாஹ், அவன் வானத்தில் வைத்ததை நான் பிரஷ்ஷால் அழித்திருக்கிறேன். அழித்ததைக் கொண்டுபோய்ப் பள்ளிவாசலில் வைத்து, கண்டவனைப் பொய்யனாக்கியிருக்கிறேன். அந்தக் கண்டவன் என்னுடைய பிள்ளை.

மறுநாள் மௌலவியின் வீட்டுக்குப் போனேன். அன்று பள்ளியில் இமாமாக இருந்த அதே மௌலவிதான், தாடி நரைத்துவிட்டது. படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். ஊரார் பிடித்த நோன்பில் குற்றமில்லை, கிடைத்த சாட்சியத்தின்படி நடந்தார்கள் என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்தத் துணிவில், நீ தண்ணீர் குடித்ததையும் நான் அறைந்ததையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் என்னட்டக் கேட்டுட்டுத்தான் குடிச்சவன்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "அண்டைக்குப் பள்ளியில எல்லாம் முடிஞ்ச பொறகு தனியா வந்து கேட்டான், ஹஸரத், நான் நிச்சயமாக் கண்டன், நாளைக்கு நான் என்ன செய்யோணும் எண்டு. கண்டது உறுதியெண்டா உனக்கு நாளைக்கு நோன்பில்ல, ஊருக்குக் காட்டாம ஒளிச்சுத் திறந்துகொள் எண்டு நான்தான் சொன்னன்."  "அப்ப நீங்க அவன நம்பினீங்களா?" என்று கேட்டேன். "அவன்ட கண்ணப் பாத்தன். அது பொய் சொல்ற கண்ணில்ல. ஆனா பெத்த வாப்பாவே படத்தோட வந்து இல்லயெண்டு நிக்கக்குள்ள, நான் எத வெச்சுக் கொழும்புக்குச் சொல்றது?"  எழும்பி வந்துவிட்டேன். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதி வழி நடந்திருக்கிறேன்.

ஒளித்துத் திற என்று மார்க்கம் சொன்னபடி நீ ஒளித்தாய். நான் அதைத் திருட்டு என்று பார்த்தேன். மௌலவியின் பேரைச் சொல்லியிருந்தால் அறை வாங்காமல் தப்பியிருப்பாய். அதையும் நீ சொல்லவில்லை, அவரை மாட்டிவிடக் கூடாது என்று நினைத்திருப்பாய். உன்னைப் பற்றி நான் நினைத்ததிலெல்லாம் ஒரே இடத்தில் ஒரு கறை இருந்தது: பிடிவாதம். சின்ன வயதில் பாண் தின்ன அழுததிலும் அது, சோதனை முடித்ததிலும் அது, சாட்சிக்கு மாமாவைப் போட்டதிலும் அது. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நின்றது என்றால் அது யாருடைய தூசு என்று தொழில்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரியாகத்தான் இருக்கிறது. கலியாணத்துக்கு என்று ஒரு புத்திமதி சொல்லாமல் விட்டால் உம்மா ஏசுவா, அதனால் இது ஒன்று. உனக்கு வரப்போகிறவள் ஒரு நாள் ஓடி வந்து, அந்தா பார் என்று ஒன்றைக் காட்டுவாள். உனக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரியவில்லை என்று சொல், பரவாயில்லை. 'நீ காணவில்லை' என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

நேற்று ஜும்ஆ முடிந்ததும் மௌலவியிடம் கேட்டுக்கொண்டு எழும்பி நின்றேன். தூணைப் பிடித்துக்கொண்டேன். "அந்த வருஷம் என்ட மகன் பிறை கண்டது உண்மை. படத்தில இருந்த பிறைய நான்தான் அழிச்சன். தூசெண்டு நினைச்சு அழிச்சன். அவனப் பொய்யனெண்டு சொன்னதும் நான்தான்" என்றேன்.  உனக்குப் பட்டம் வைத்தவர்களில் ஒருத்தன் முன்னால்தான் இருந்தான், தலையைத் தூக்கவில்லை. மரைக்கார் இப்போது கதிரையில் இருந்துதான் தொழுகிறார். போனில் இருந்த படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "அப்ப அந்தப் புள்ளைட கண் மெய்" என்றார். பிறகு, "எப்ப வாறார்? வந்தா நான் ஒருக்கா மன்னிப்புக் கேக்கோணும்" என்றார். உன்னிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அதை நீ வந்த பிறகு, உன் முகத்துக்கு நேரே, உம்மாவுக்கும் தங்கச்சிக்கும் முன்னால் கேட்பேன். அவர்களுக்கு முன்னால்தானே அறைந்தேன்.

சாட்சிக்கு மாமாவும் உன் கூட்டாளியுமே இருக்கட்டும். நீ போட்டது சரிதான். என் சாட்சியத்தை நீ ஒரு தடவை பார்த்தவன். நான் பின் ஸஃப்பில் உட்கார்ந்து ஆமீன் சொல்கிறேன்.

அந்த மூன்று படங்களையும் அச்சடித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஒன்றையும் துடைக்கவில்லை. ஐந்து தூசும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அவை என்னுடையவை. நடுப் படத்தை எடுத்து, அன்று பள்ளியில் திரையில் விரல் வைத்த மாதிரி, கம்பத்துக்கும் தென்னைக்கும் நடுவே உன் விரலை வைத்துப் பார். அதே இடம்தான், மகன். நீ கண்டது பிறைதான்.

வாப்பா